சிவப்பு ஐந்து

தக்கலை கூட்டுறவு வங்கியில்
நகை உரசிப் பார்ப்பது என் வேலை.
பகலில் மூக்குத்தி, அரைஞாண், அறுந்த தாலிக்கொடி.
ராத்திரி அதே கண்ணாடியில்
அமெரிக்கத் தபால்தலை.

"பத்தும் ஒண்ணுபோலத்தானே இருக்கு,
பின்ன எதுக்கு பத்து?" என்பாள் விஜிலா.
ஒரே தலை, ஒரே இடப்பக்கம் பார்த்த மூக்கு,
ஒரே சிவப்பு. சரிதான்.
ஆனால் இரண்டு சென்டிமீட்டருக்குள்
பத்துப் பல்லா பதினொன்றா என்பதிலாக்கும் விசயம்.
தாளில் நீர்க்குறி தெரிகிறதா என்று
லைட்டர் பெட்ரோலில் முக்கிக் காட்டினேன் ஒருமுறை.
அன்றோடு அடுக்களைப் பக்கம்
ஆல்பத்துக்கு அனுமதி இல்லை.

ஆக்கர் கடை மாகீனுக்கு
பழைய காயிதச் சாக்கு வந்தால்
எனக்குத்தான் முதல் போன்.
இடவப்பாதி மழை தகரத்தில் கொட்ட,
இடித்த மிஷன் பங்களா ஒன்றின் மிச்சத்தைக்
கிளறிக்கொண்டிருந்தேன், கிலோ பதினெட்டு ரூபாய்.
எலி கரம்பிய பாட்டுப்புத்தகம்,
ஆஸ்பத்திரி ரசீது,
நடுவில் ஓர் உறை.
மிசௌரி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு.
நாகர்கோவில், திருவாங்கூர் என்று சாய்ந்த கையெழுத்து.
மூலையில் அந்தச் சிவப்பு.
ரெண்டு சென்ட், வீட்டில் நாற்பது கிடக்கு
என்று தள்ளிவைத்த கை
திரும்பி வந்தது.
கீழே இரண்டு ஓரத்திலும் ஐந்து.

ஐந்து என்றால் நீலம்.
ஐந்து சிவப்பாக இருக்கக் கூடாது.
நானூறு தலை இருந்த இரண்டு சென்ட் தகட்டில்
மூன்று தலை சரியில்லை என்று
திருத்தப் போன ஒருவன்
ஐந்தின் உருளையை எடுத்து உருட்டிவிட்டான்.
சிவப்பு மையில் ஓடியது அச்சு.
யாரும் பார்க்கவில்லை.

"வல்லதும் கிட்டிச்சா?" என்றான் மாகீன்.
"ரெண்டு சென்ட்" என்றேன்.
"ரெண்டு சென்டா! தக்கலையில
சின்னதா ஒரு வீடு வச்சிரலாமே ஓய்."
சிரித்தான். நானும் சிரித்தேன்.
உறையை மட்டும் தராசில் வைக்க வெட்கப்பட்டு
கூட ஒரு கட்டு ரசீதையும் வைத்தேன்.

வீட்டில் வந்து பிரித்தேன்.
உள்ளே லீடியா தம்பிக்கு எழுதியிருந்தாள்:
வீட்டில் ஒரே ஒரு இரண்டு சென்ட் தலைதான் மிச்சம்,
கடல் தாண்ட அது போதாது,
மீதியை அபராதத்தோடு அங்கே கட்டிக்கொள்,
திட்டாதே.

அன்றைக்குக் கடல் தாண்டக் கூலி ஐந்து சென்ட்.
அவள் இரண்டு என்று நக்கி ஒட்டியது ஐந்து.
உறையில் அபராத முத்திரை இல்லை.
நிறத்தை நம்பாமல் எண்ணைப் பார்த்த
ஒரு குமாஸ்தா எங்கோ இருந்திருக்கிறான்,
அல்லது எதையுமே பார்க்காத ஒருவன்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால்
ஒரு சனிக்கிழமை, ஷட்டர் இறக்குகிற நேரம்,
குலசேகரத்துக்காரி ஒருத்தி நீட்டிய காப்பு
உரைகல்லில் நல்ல மஞ்சளாகவே எழுதியது.
நாலு பவுன் என்று கையெழுத்துப் போட்டேன்.
ஏலத்துக்கு அறுத்தபோது
உள்ளே முழுக்கச் செம்பு.
இருபத்தெட்டு மாசம் என் கமிஷனில் பிடித்தார்கள்.
மானேஜர் இன்றும் என் சீட்டைக்
கொஞ்சம் கூடுதல் நேரம் பார்க்கிறார்.

உருளை மாற்றியவனுக்கு
எத்தனை மாசம் பிடித்தார்களோ.
கேட்டலாக்கில் அவன் பேர் இல்லை.
தப்புக்கு நேரே விலை மட்டும் இருக்கிறது,
வருஷா வருஷம் ஏறிக்கொண்டு.

என் மூன்று மாதச் சம்பாத்தியம்
டீப்பாயில், மழையில் நைந்த உறையாக.
மாகீனின் நம்பரை எடுத்தேன்.
மணி பதினொன்றாகப் போகிறது,
தூங்கியிருப்பான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
கடை அடைக்கப் பன்னிரண்டாகும் அவனுக்கு.

கண்ணாடியைத் துடைத்து
பல்லை எண்ண ஆரம்பித்தேன்.
பத்து வந்தது.
சந்தேகம், மறுபடியும் எண்ணினேன்.
"யாருட்ட பேசப் போன நீ?" என்றாள் விஜிலா
இருட்டுக்குள்ளிருந்து.